ஆறெழுத்து வேட்டை

கிராமபோன் இல்லாத வீட்டில் இனி ஒரு மாதத்துக்கு மேல் குடியிருப்பதில்லை என்று ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு ஆவணி மாதம் நான் சபதம் செய்தேன். மனதுக்குள்தான் செய்தேன். வாய்விட்டுச் செய்திருந்தால் என் மனைவி பூரணம், "அப்ப எங்கை போய் இருக்கப் போறியள்?" என்று கேட்டிருப்பாள்.

என் பெயர் பஞ்சலிங்கம். இருப்பது கோண்டாவிலில். பட்டினத்தில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், எழுதும் கிளாக்கர் வேலை. காலை முதல் மாலை வரை வடக்கு வேலி, தெற்கு ஒழுங்கை, கிணற்றில் பங்கு என்று கை எழுதிக்கொண்டே இருக்கும். உயிர் மட்டும் அச்செழுத்தில் இருக்கும். ஒரு நோட்டீசைக் காட்டினால் அது எந்த அச்சுக்கூடத்து எழுத்து என்று நீங்கள் மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவேன். கலியாணக் காயிதம் வந்தால் எல்லோரும் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்ப்பார்கள். நான் 'ழ'வின் வாலைப் பார்ப்பேன். ஒருமுறை செத்தவீட்டு நோட்டீசை வாங்கி, "ஆகா! என்ன அழகு!" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் யார் செத்தது என்று கேட்டேன். அந்தக் குடும்பம் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.

எழுத்துகளுக்கு அச்சுக்காரர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. தேவையும் இல்லை. நானே வைத்திருக்கிறேன். தொந்தியும் தோளுமாக நிலத்தை அமுக்கிக்கொண்டு நிற்பது மணியகாரன் எழுத்து. மெலிந்து நீண்டது நெத்தலி எழுத்து. விறைப்பாகக் கழுத்துப்பட்டி கட்டினாற்போல் நிற்பது பாதிரியார் எழுத்து. ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது கள்ளுக்கொட்டில் எழுத்து. பூரணத்துக்கு இவ்வளவும் மனப்பாடம். பன்னிரண்டு வருடமாக நான் சாப்பிடும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்படிப்பட்ட நான்தான் அந்த வெள்ளிக்கிழமை பட்டினத்தில் 'பனைச்சுடர்' வாரப் பத்திரிகை ஒன்று வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் ஆறு கட்டம். கட்டத்துக்கு ஒரு எழுத்து. எல்லாம் நாம் தினமும் காணும் பொருள்களிலிருந்து படம் பிடித்துப் பெரிதாக்கிப் போட்டவை. எது எதிலே இருந்த எழுத்து என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். போட்டியின் பெயர் 'ஆறெழுத்து வேட்டை'.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தமிழ் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை இது எனக்காகவே வைத்த முதல் போட்டி! மற்றவன் எவன் எழுதுவான்? எழுதினாலும் எவன் வெல்லுவான்? பரிசையும் பார்த்தேன். வென்றவர் விருப்பப்படி ஒரு கிராமபோன் அல்லது ஒரு தையல் மெஷின்.

அந்த 'அல்லது'தான் இடித்தது. பூரணம் ஐந்து வருடமாகத் தையல் மெஷின் கேட்கிறாள். அவள் துணி கொடுக்கும் தையற்காரன் தீபாவளிச் சட்டையைத் தைப்பொங்கலுக்குத் தருகிற ஆள். அவளுக்கு இந்தப் போட்டி தெரிந்தால் கிராமபோன் கதை அன்றோடு முடிந்தது. ஆகவே எல்லாவற்றையும் ரகசியமாகச் செய்வது என்று தீர்மானித்தேன். விடைச் சீட்டைக் கத்தரித்து என் கோட்டுப் பையில் வைத்தேன். விதிகளையும் பார்த்தேன். 'ஒரு வீட்டுக்கு ஒரு விடை. வீட்டுக்குரியவர் கையொப்பம் இடவேண்டும். இரண்டு விடை வந்தால் வீட்டுக்குரியவரின் விடையே செல்லும்.' 'வீட்டுக்குரியவர்' என்ற சொல்லை மட்டும் மணியகாரன் எழுத்தில் கோத்திருந்தார்கள். என்ன கம்பீரம்! அந்த 'டு'வை ஐந்து நிமிடம் ரசித்தேன்.

முதல் எழுத்து ஒரு 'பூ'. கண்டவுடனே பிடித்துவிட்டேன். பட்டினத்துப் படக்கொட்டகைக்காரன் தெருத்தெருவாக மேளம் அடித்துக் கொடுக்கும் நோட்டீசு எழுத்து. அது ஈயமல்ல, மரத்தில் செதுக்கியது. அவர்களுடைய 'பூ'வுக்கு மூக்கில் ஒரு சிறு உடைவு உண்டு. போன மாதத்து நோட்டீசைத் தேடி எடுத்து ஒப்பிட்டேன். அதே மூக்கு! அதே உடைவு!

கிணற்றடியில் நின்ற பூரணத்திடம் ஓடினேன். போட்டியைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. உடைவைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"இஞ்சை பூரணம், படக் கொட்டகை நோட்டீசிலை இருக்கிற 'பூ'வுக்கு மூக்கு உடைஞ்சு கிடக்கு, தெரியுமோ?"

"ஓமோ?"

"மர எழுத்து! விழுந்து உடைஞ்சிருக்க வேணும். இலங்கை முழுக்கத் தேடினாலும் உப்பிடி இன்னொரு 'பூ' இல்லை."

"அப்பிடியே?" என்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் எனக்காக வாளியைக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உற்சாகம் தலைக்கேறியது.

இரண்டாவது, சுருட்டுக் கட்டில் ஒட்டும் மூன்றுமயில் மார்க்குச் சீட்டின் 'சு'. அதைப் பிடிக்க எட்டுவிதமான சுருட்டு வாங்கினேன். நான் சுருட்டுக் குடிப்பதில்லை. நாற்றம் தாங்காமல் பூரணம் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்னப்பா உது, புதுப் பழக்கம்?"

"குடிக்கேல்லையடி. சீட்டைப் பாக்கிறன். இதைப் பார், மூண்டுமயில்காரன்ரை 'சு'. வால் மயிலின்ரை கழுத்துக்குள்ளாலை போய் மற்றப் பக்கத்தாலை வருது!"

"மூண்டுமயில்," என்றாள் பூரணம் மெதுவாக. "'சு' எண்டோ சொன்னனீங்கள்?"

"'சு'தான்!"

"கோப்பி கொண்டுவாறன், இருங்கோ."

கேட்காமலே கோப்பி! என் அறிவுக்கு வீட்டில் மதிப்புக் கூடுகிறது என்று நினைத்தேன். மூன்றாவது எழுத்தைத் தீப்பெட்டியில் கண்டேன். கோப்பி வந்தது. நாலாவதைத் தேயிலைப் பேணியில் கண்டேன். கோப்பியோடு பனங்கட்டித் துண்டும் வந்தது. ஐந்தாவது பஞ்சாங்கத்து அட்டையின் 'ழ'. அன்றைக்கு முறுக்கு. போட்டியைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். வாயை அவ்வளவு கட்டுப்பாடாக வைத்திருந்தேன்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுச் செல்வநாயகம் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். 'பனைச்சுடர்' சந்தாக்காரர். கொஞ்சம் கோபக்காரர்.

"என்ன காணும், என்ரை பேப்பரிலை சன்னல் வெட்டி வைச்சிருக்கிறீர்?"

"நான் உம்மடை பேப்பரைத் தொடவே இல்லையே!"

"உம்மடை வீட்டுக்குத்தான் இரவல் தந்தது. திரும்பி வரேக்குள்ளை கடைசிப் பக்கத்திலை சதுரமாய் ஒரு ஓட்டை. பின்பக்கத்திலை நான் வாசிச்சுக்கொண்டிருந்த தொடர்கதை. கதாநாயகி கிணத்துக்கை குதிச்சவளோ இல்லையோ எண்டு தெரியாமல் நித்திரை இல்லை!"

நான் உள்ளூரச் சிரித்தேன். அவர் தந்திரம் எனக்குத் தெரியாதா? தானே விடைச் சீட்டை வெட்டி அனுப்பிவிட்டு, போட்டியே தெரியாதவர் மாதிரி நடிக்கிறார். "குதிச்சிருப்பாள்," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆறாவது எழுத்துத்தான் என்னைக் கொன்றது. ஒரு 'ச'. அப்படி ஒரு 'ச'வை நான் கண்டதில்லை. கோடு கோடாக இல்லை. சின்னச் சின்ன வளையங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகின்றன. மணியகாரனுமல்ல, நெத்தலியுமல்ல. சென்னையில் புதிதாக வார்த்த எழுத்தாக இருக்குமோ? கல்கத்தாவோ? மூன்று நாள் நித்திரையில்லை. உறுதி எழுதும்போது ஒரு காணிக்கு இரண்டு தெற்கு எழுதிவிட்டேன். நொத்தாரிசர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஏசினார். விடை அனுப்ப இன்னும் நாலு நாள். கிராமபோன் என் கையை விட்டுப் போகிறது!

வேறு வழியில்லை. மற்ற ஐந்து கட்டத்தையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பூரணத்திடம் நீட்டினேன்.

"கந்தோரிலை ஒருத்தர் கேட்டவர். உது என்ன எழுத்து எண்டு உனக்குத் தெரியுமோ?"

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. ஒருமுறை பார்த்தாள்.

"உது எழுத்தில்லை. தையல்."

"என்ன?"

"சங்கிலித் தையல். நூல்தான் வளையம் வளையமாய்த் தெரியுது. உங்களுக்கு எல்லாம் அச்சு. தையலைக் கண்டாலும் அச்சு."

தையல்! ஐயோ, தையல்! அப்படியென்றால் துணி. துணியில் எழுத்தென்றால் உத்தியோகச் சட்டை! பூரணத்துக்குத் தெரியாமலே அவளிடமிருந்து விடையின் பாதியைக் கறந்துவிட்டேன். என்னைப்போல் சூரன் உண்டா?

அடுத்த இரண்டு நாளும் யாழ்ப்பாணத்தில் காக்கி உடுத்த எவனும் என்னிடமிருந்து தப்பவில்லை. தபாற்காரன் நெஞ்சைப் பார்த்தேன். பொலிஸ்காரன் தோளைச் சுற்றி வந்து பார்த்தேன். "என்ன ஐசே வேணும்?" என்றான். "ஒண்டுமில்லை, உங்களுக்கு எழுத்து உலோகத்திலை," என்றேன். அவன் பொல்லை எடுப்பதற்குள் அந்த வழியாக வந்த பஸ்ஸில் பாய்ந்து ஏறினேன். ஏறினால் எனக்கு முன்னால் காக்கிச் சட்டை. இடதுபக்கப் பொக்கற்றின் மேல் சிவப்பு நூலில் 'சண்முகானந்தா மோட்டர் சேவிஸ்'. முதலெழுத்து 'ச'!

கொண்டக்டரின் நெஞ்சுக்கு நாலு அங்குலத்தில் என் மூக்கை வைத்தேன். கையிலே பென்சில். மற்றக் கையிலே கடதாசி. கொண்டக்டர் சிமியோன், குருநகர்க்காரன், வெலவெலத்துப் போனான். நம்மூரில் பென்சிலும் கடதாசியுமாக ஒருவரை உற்றுப் பார்த்தால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: மேலிடத்துக்கு முறைப்பாடு போகப்போகிறது.

"அண்ணை, பெட்டிசம் எழுதிப் போடாதேங்கோ!" என்றான்.

"பேசாமல் நில் தம்பி."

"நேற்றுத் தட்டாதெருச் சந்தியிலை நிப்பாட்டாமல் போனது உண்மைதான். பிரேக் பிடிக்கேல்லை. அந்த ஆச்சியின்ரை கோழி செத்ததுக்கு நாங்கள் பொறுப்பில்லை, அது முந்தியே வருத்தக்காரக் கோழி."

"உதை ஆர் தைச்சது?"

"என்னத்தை?"

"உந்த 'ச'வை!"

"என்ரை மனிசி மார்கிரட். எல்லாக் கொண்டக்டர்மாருக்கும் அவதான் தைக்கிறவ. அவவையும் பெட்டிசத்திலை போடப் போறியளோ?" அழாத குறை.

"மகராசியாய் இருக்கச் சொல்லு!" என்று கத்தினேன். பஸ்ஸிலிருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்திலேயே, பஸ் குலுங்கக் குலுங்க, ஆறாவது கட்டத்தை நிரப்பினேன். கீழே 'வீட்டுக்குரியவர்' என்ற இடத்தில் பஞ்சலிங்கம் என்று இரண்டு சுழி வைத்து, அடியில் கோடும் இழுத்துக் கையொப்பமிட்டேன். அன்றைக்கே தபாலில் போட்டேன். வீட்டுக்கு வந்து சிமியோனின் 'ச'வைப் பற்றிப் பூரணத்துக்கு ஒரு மணித்தியாலம் சொன்னேன். அன்று தோசை.

பத்தாம் நாள் பத்திரிகைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் விடை ஆறும் சரி. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரவும்.' அதற்குக் கீழேயும் ஏதோ நாலு வரி நெத்தலி எழுத்தில் இருந்தது. எனக்கு வாசிக்க எங்கே பொறுமை? ஆறும் சரி! வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் போய் ஒருமுறை துள்ளினேன். முன் விறாந்தையில் கிராமபோனை எங்கே வைப்பது, அதன் குழல் செல்வநாயகத்தின் வேலிப் பக்கம் பார்க்க வேண்டுமா, வீதிப் பக்கம் பார்க்க வேண்டுமா என்று அளந்தேன்.

சனிக்கிழமை பட்டுச் சால்வை போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

"பட்டினத்துக்கு ஒரு அலுவலாய்ப் போறன்," என்றேன்.

"நானும் வாறன். எனக்கும் அங்கை ஒரு அலுவல்." பூரணம் கூறைச்சேலை உடுத்து, கையில் ஒரு துணிப்பையோடு நின்றாள். புடவைக் கடைக்காக்கும் என்று நினைத்தேன். நான் இறங்கிய இடத்தில் அவளும் இறங்கினாள். நான் திரும்பிய தெருவில் அவளும் திரும்பினாள். புடவைக் கடை வந்தது. அவள் நிற்கவில்லை. நகைக் கடை வந்தது. அப்போதும் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு வேர்க்கத் தொடங்கியது. 'பனைச்சுடர்' கந்தோர்ப் படலையை எனக்கு முன்னால் திறந்து, "வாங்கோவன்," என்றாள்.

உள்ளே நாற்பது ஐம்பது பேர். மேசை மேல் ஒரு பக்கம் கிராமபோன். குழல் தங்கப்பூவாக விரிந்து மினுங்கியது. மறுபக்கம் கறுப்புத் தையல் மெஷின். பத்திரிகை ஆசிரியர் செபநாயகம் சந்தோசத்தில் கையை உரசிக்கொண்டு எழும்பினார்.

"நானூற்றுப் பதினேழு விடையள் வந்தது. ஆறும் சரியாய் எழுதினது ரெண்டே ரெண்டு. அந்த ரெண்டும் ஒரே வீடு! ஒண்டு பஞ்சலிங்கம். மற்றது இவர் மனைவி பூரணம்!"

சனம் கைதட்டியது. நான் பூரணத்தைப் பார்த்தேன். அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வநாயகத்தின் பேப்பரில் இருந்த ஓட்டை அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோப்பி விளங்கியது. முறுக்கு விளங்கியது. தோசையும் விளங்கியது.

"அப்ப பரிசு ஆருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்குத்தான்!" என்று பாய்ந்தேன். "கண்டுபிடிச்சது நான். குடும்பத் தலைவன் நான். கிராமபோனைத் தாருங்கோ!"

"தலைவர் ஆர் எண்டு நாங்கள் கேக்கேல்லை," என்றார் செபநாயகம். "வீட்டுக்குரியவர் ஆர் எண்டுதான் கேட்டனாங்கள். ஆதாரம் கொண்டுவரச் சொல்லி ரெண்டு பேருக்கும் எழுதினனாங்களே?"

நெத்தலி எழுத்து நாலு வரி! பூரணம் துணிப்பையிலிருந்து ஒரு பழைய கடதாசிக் கட்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்த்தார். அவர் மீசை ஆடியது. அதை மடித்து, நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் தெரியும்படி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பஞ்சலிங்கத்தார், நீங்கள் எழுத்துப் பாக்கிறதிலை மன்னன். சபையிலை ஒரு சோதனை. இது எப்பிடிப்பட்ட ஆளின்ரை எழுத்து, சொல்லுங்கோ பாப்பம்."

இத்தனை பேர் முன்னால் என் திறமைக்கு ஒரு சோதனை! கிராமபோனைக்கூட ஒரு நிமிடம் மறந்துவிட்டேன். சால்வையைச் சரி செய்துகொண்டு குனிந்து பார்த்தேன்.

"அச்சில்லை, கையெழுத்து. ஆனால் என்ன கை! 'வ'வின்ரை வயித்தைப் பாருங்கோ, முத்து. 'ற'வின்ரை காலைப் பாருங்கோ, சிலை. எழுதினவர் படிச்சவர், நிதானமானவர், ஏமாற்றவே ஏலாத ஆள். உப்பிடி எழுதக்கூடியவர் யாழ்ப்பாணத்திலை ஒருத்தர்தான்..."

அங்கே நிறுத்தினேன். ஒருத்தர்தான். அது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"சொல்லுங்கோ," என்றார் செபநாயகம்.

"நான்தான்," என்றேன்.

"உங்கடை கையாலை எழுதினதை நீங்களே சபைக்கு வாசியுங்கோ."

வாசித்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் மாமனார் மகளுக்குச் சீதனம் எழுதிக் கொடுத்தபோது, வெளியாளுக்கு ஏன் கூலி என்று என் நொத்தாரிசர் என்னிடமே எழுதத் தந்த உறுதி. கோண்டாவிற் குறிச்சியில் இரண்டு பரப்பு நிலமும், அதிலுள்ள கல்வீடும், கிணறும், பலா இரண்டும், மா மூன்றும், மேற்படி மகள் பூரணம் ஒருத்திக்கே ஆட்சியும் உரிமையுமாக. ஒரு நாளைக்கு நாலு சீதன உறுதி எழுதுகிற கை. எழுதும்போது எழுத்தைத்தான் பார்த்தேனே தவிர, ஒரு நாளாவது சொல்லைப் பார்க்கவில்லை.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. செபநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நீங்களே சொல்லுங்கோ. கிராமபோனோ, தையல் மெஷினோ?" என்றார்.

"இவரையும் ஒருக்காக் கேட்டுச் சொல்லுறன்," என்றாள் பூரணம். என் பக்கம் திரும்பினாள். அடக்கமாகத்தான் கேட்டாள். "என்னப்பா, எங்கை போய் இருந்து பாட்டுக் கேக்கப் போறியள்?"

"மெஷின்," என்றேன்.

மெஷின் வந்து இப்போது நாலு மாதம். அயலிலுள்ள சட்டையெல்லாம் எங்கள் வீட்டில்தான் தைபடுகிறது. கொக்குவில், இணுவிலிலிருந்தெல்லாம் பெண்கள் வருகிறார்கள். பூரணத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கலியாணத்தன்றுகூடக் கண்டதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனிதனில்லை. ஆனால் அது காலால் மிதிக்கிற மெஷினல்ல. பக்கத்துச் சில்லில் கைபிடி வைத்த மெஷின். இரண்டு கையும் துணியில் இருந்தால்தான் தையல் நேராகப் போகுமாம். ஆகவே கந்தோரால் வந்து சால்வையைக் கழற்றியதும் எனக்கு அந்தக் கைபிடி. நேற்று எட்டாவது சட்டையில் தோள் விட்டுப்போய், "பூரணம், இது ஆம்பிளை செய்யிற வேலையோ?" என்று கேட்டேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கிராமபோன் வந்திருந்தாலும் கைபிடிதானேயப்பா? சுத்துங்கோ."